ஏறவில்லையே என்று இன்னொன்று தின்றேன்

2024 பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தங்கியிருந்தேன். இரவு பன்னிரண்டு மணிக்கு, நெஞ்சு வெடித்துச் செத்துவிடப் போகிறேன் என்று உறுதியாக நம்பி, நடுங்குகிற விரலால் அவசர உதவி எண்ணான 911ஐ அழுத்தினேன். காரணம், நான் தின்ற ஒன்றரைக் கஞ்சா ஜெல்லி மிட்டாய். இதை வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடம் சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று ரொம்ப நாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் ஊரிலிருந்து படிக்க வந்து இறங்கும் தம்பி தங்கைகள் அதே தவறை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். கஞ்சா எடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எடுக்கிறவர்களைத் திட்டவும் எழுதவில்லை. எடுப்பது என்று முடிவு செய்துவிட்ட ஒருவருக்கு அளவும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியவில்லை, சொல்லவும் ஆள் இல்லை.

கனடாவில் 2018 அக்டோபர் 17ஆம் தேதி கஞ்சா சட்டபூர்வமானது. தின்கிற வகைகளுக்கு ஒரு வருடம் கழித்து அனுமதி கொடுத்தார்கள். நான் 2021இல் வந்தபோது தெருவுக்கு ஒரு கஞ்சாக் கடை இருந்தது. பால் வாங்கப் போகிற வழியிலேயே மூன்று கடைகளைத் தாண்டுவேன். ஊரில் கஞ்சா என்றால் போலீஸ், ஜெயில், அவமானம். இங்கே பளபளவென்று விளக்குப் போட்டு, அடையாள அட்டை பார்த்து, ரசீது கொடுத்து விற்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து என் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது: அரசாங்கமே அனுமதித்திருக்கிறது, அப்படியானால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. மதுவும் சட்டபூர்வமானதுதான். ஆனால் எத்தனை பெக் என்று நமக்கு ஊரிலேயே யாரையாவது பார்த்துத் தெரிந்திருக்கிறது. கஞ்சாவில் அந்த அனுபவ அறிவு நம் ஆட்களிடம் கிடையாது. இருப்பதெல்லாம் சினிமாவில் பார்த்ததும் ஹாஸ்டலில் கேட்டதும்தான்.

அன்றைக்கு ஒரு நண்பனின் பிறந்தநாள். அபார்ட்மென்டில் எட்டு பேர். பிரியாணி, பியர், பாட்டு. புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது, இருமல் வரும். அதனால் ஜெல்லியை நீட்டியபோது இதுதான் எனக்குச் சரி என்று நினைத்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை, பார்க்கக் குழந்தைகள் தின்கிற மிட்டாய் மாதிரி. பாக்கெட்டில் 500 மில்லிகிராம் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே பத்து மிட்டாய். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எட்டரை மணிக்குப் பாதி தின்றேன். ஒன்பதரை ஆனது, ஒன்றுமே இல்லை. "உனக்கு ஏறாது போலடா, சில பேருக்கு அப்படித்தான்" என்றான் ஒருவன். எனக்கும் ஒரு வீம்பு. இன்னொரு முழு மிட்டாயைத் தின்று, அதன் மேல் இரண்டாவது பியரையும் குடித்தேன். பதினொரு மணிக்குக் கிளம்பும்போதுகூட லேசான சந்தோஷம்தான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எல்லாம் மாறியது. எதிரே இருந்தவர் போனில் பேசுவது என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. என் நிறுத்தம் தாண்டிவிட்டதா, இன்னும் வரவில்லையா என்றே தெரியவில்லை. ஒரு நிமிடம் ஒரு மணி நேரம் மாதிரி நீண்டது. எப்படியோ இறங்கிப் பனியில் நடந்து வீட்டுக்கு வந்தேன். அறைத்தோழனுக்கு அன்று நைட் ஷிப்ட். இருட்டில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஓடுகிறது, எண்ணவே முடியவில்லை. கண்ணை மூடினால் கீழே விழுந்துகொண்டே இருப்பது போல. அம்மா முகம் வந்தது. பிணமாக ஊருக்குப் போகப் போகிறேன், அதற்கும் வீட்டில்தான் காசு கட்ட வேண்டும் என்று நினைத்து அழுதேன். 911க்கு அழைக்கவே அரை மணி நேரம் தயங்கினேன். போலீஸ் வரும், வேலை அனுமதி போய்விடும் என்ற பயம். அந்த அரை மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான அரை மணி நேரம்.

வந்தவர்கள் ஆம்புலன்ஸ்காரர்கள் மட்டும்தான், போலீஸ் இல்லை. என்ன தின்றாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூட மது உண்டா, வேறு மாத்திரை உண்டா. இவ்வளவுதான் கேட்டார்கள். தயவுசெய்து இந்த இடத்தில் பொய் சொல்லாதீர்கள். சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து வீட்டுக்கார ஆன்ட்டி ஓடி வந்தார். யாழ்ப்பாணத்தவர், முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். "என்ன தம்பி, என்ன செய்யுது? பயப்படாதையும், நான் பக்கத்திலதான் இருக்கிறன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலில் பாதி பயம் இறங்கியது. ஆங்கிலம் தடுமாறுகிற நிலையில் இருந்தால் 911இல் "தமிழ்" என்று சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதும் அவர் பின்னால் சொன்னதுதான்.

மருத்துவமனையில் இசிஜி, ரத்தப் பரிசோதனை, சலைன். நாடித்துடிப்பு 140க்கு மேல். டாக்டர் அமைதியாகச் சொன்னார்: இதற்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பு அதைக் கரைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், இதயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. காலை ஏழு மணிக்கு அனுப்பினார்கள். அப்போதும் தரை மெத்தை மாதிரி இருந்தது. திங்கள்கிழமை மாலைதான் தலை முழுதாகத் தெளிந்தது. அன்று வீட்டுக்கு வீடியோவில் பொங்கல் வாழ்த்து சொல்லும்போது தூக்கமில்லை என்று பொய் சொன்னேன்.

அப்புறம் பில் வந்தது. படிப்பு முடிந்ததும் கல்லூரி இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. வேர்ஹவுஸில் முழுநேர வேலையில் சேர்ந்து மாதங்கள் ஆகியும், ஓஹிப் எனப்படும் ஆன்டாரியோ மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்காமல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அட்டை இருந்திருந்தால் ஆம்புலன்சுக்கு 45 டாலர். இல்லாததால் 240. மருத்துவமனைக்கும் டாக்டருக்கும் சேர்த்து 1,400. மொத்தம் 1,640 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம். இரண்டு ஷிப்ட் சம்பளமும் போனது. ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கட்டினேன். வேலை அனுமதியில் இருந்து, முழுநேர வேலைக் கடிதமும் கிடைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த வாரமே சர்வீஸ் ஆன்டாரியோ அலுவலகத்துக்குப் போய் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், போதையால் வரும் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று பாலிசியில் ஒரு தடவை பாருங்கள். பல பாலிசிகளில் தர மாட்டார்கள்.

என்ன நடந்தது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மருத்துவமனையில் ஒரு நர்ஸ், கனடாவின் 'குறைந்த ஆபத்துக் கஞ்சாப் பயன்பாட்டு வழிகாட்டி' என்ற சிறு கையேட்டைக் கொடுத்திருந்தார். ஆய்வாளர்கள் 2011இல் முதலில் வெளியிட்டு 2017இலும் 2022இலும் திருத்தியது. அதோடு சுகாதாரத் துறை வெளியிட்டதையும் படித்தேன். போதை தருகிற பொருள் டி.எச்.சி. புகையாக இழுத்தால் அது நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போகிறது. தின்றால் குடல், ஈரல் என்று சுற்றிப் போகிறது. ஈரல் அதை இன்னும் வலுவான ஒரு பொருளாக மாற்றி அனுப்புகிறது. அதனால் தின்றது ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்துக்கு நான்கு மணி நேரம்வரைகூட ஆகலாம். பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கலாம், மிச்சம் மறுநாள் வரை இருக்கும். நான் எட்டரைக்குத் தின்றதற்கு ஒன்பதரைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். முதல் பாதி வந்து சேர்வதற்குள் அடுத்ததை அனுப்பிவிட்டேன். வயிறு நிறையப் பிரியாணி வேறு, அது இன்னும் தாமதப்படுத்தும்.

அளவுக் கணக்கு இதைவிட மோசம். பழக்கமில்லாதவர் தின்பதானால் 2.5 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கச் சொல்கிறார்கள். சட்டபூர்வ கடையில் விற்கும் தின்பண்டப் பாக்கெட் முழுவதிலும் சேர்த்தே 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது. அங்கே வாங்கிய ஒரு பத்து மில்லிகிராம் ஜெல்லியை நாலாக வெட்டினால் ஒரு துண்டு ஆரம்ப அளவு. நான் தின்ற பாக்கெட்டின் கணக்குப்படி ஒரு மிட்டாய்க்கே 50. ஒன்றரைக்கு 75. முப்பது மடங்கு. அதுவும் அந்த எண் உண்மையாக இருந்தால்தான். 500 என்று எழுதியிருக்கும்போதே அது கள்ளச் சரக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டபூர்வப் பாக்கெட் எளிமையாக இருக்கும், குழந்தைகள் திறக்க முடியாத மூடி, எண்கோண வடிவில் சிவப்பு டி.எச்.சி. முத்திரை, மாகாணப் பெயரோடு வரி முத்திரை இருக்கும். பிரபலமான சாக்லேட், மிட்டாய் உறைகளைக் காப்பியடித்து வருகிற எதுவும் கடைச் சரக்கு கிடையாது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஒரே பாக்கெட்டில் ஒரு மிட்டாயில் அதிகமாகவும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

இதற்குப் பிறகு, வாரக்கணக்காக எடுத்தும் இப்படி மாட்டிக்கொள்ளாத நண்பர்களிடம் எப்படி என்று கேட்க ஆரம்பித்தேன். அவரவருக்கு ஒரு சொந்தச் சட்டம் வைத்திருக்கிறார்கள். வெள்ளி இரவு மட்டும், வேலைக்கு முன் கிடையாது, மதுவோடு கிடையாது, புது ஆட்களோடு கிடையாது. இவை நல்ல சட்டங்கள். எந்த வழிகாட்டியையும் படிக்காமல் தாங்களாகவே கண்டுபிடித்தவை. மதுவோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும், என் இரண்டு பியரும் அதைத்தான் செய்தன. ஆனால் அதே நண்பர்களிடம் தவறான நம்பிக்கைகளும் உறுதியாக இருக்கின்றன. ஆழமாக இழுத்து மூச்சைப் பிடித்து வைத்தால்தான் ஏறும் என்கிறார்கள். டி.எச்.சி. சில நொடிகளிலேயே ரத்தத்தில் கலந்துவிடும், பிடித்து வைப்பதால் கூடுதலாகச் சேர்வது தாரும் புகையும்தான். ஊர்ப் பழக்கத்தில் சிகரெட் புகையிலையைக் கலந்து சுருட்டுகிறார்கள். வாரம் ஒரு தடவை கஞ்சா என்று தொடங்கியவன் தினமும் சிகரெட் பிடிக்கிறவனாக மாறியதை என் கண் முன்னாலேயே பார்த்தேன். கடையில் எண் பெரிதாக இருப்பதைத்தான் தேடுகிறார்கள், காசுக்கு அதுதான் லாபமாம். புகைக்கிற கஞ்சாவின் லேபிளில் ஒரு கிராமுக்கு 280 மில்லிகிராம் டி.எச்.சி. என்று இருந்தால் அது 28 சதவீதம். புதிதாகப் புகைப்பவருக்கு ஒரு கிராமில் 100 மில்லிகிராமுக்கு, அதாவது 10 சதவீதத்துக்கு உள்ளேதான் சொல்லியிருக்கிறார்கள். "டோட்டல் டி.எச்.சி." என்று எழுதியிருக்கிற எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் உள்ள சின்ன எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கார் விஷயத்தில் மட்டும் நான் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அன்று இரவு ஒருவன் என்னைக் காரில் இறக்கிவிடுகிறேன் என்றான். அவனும் எடுத்திருந்தான். "கஞ்சா அடிச்சா மெதுவாத்தான் ஓட்டுவோம், அது சேஃப்" என்பது இங்கே பரவலான நம்பிக்கை. எதிரே வருவதைக் கவனிக்கிற வேகமும் பிரேக் போடுகிற வேகமும் குறைந்துவிடும் என்பது அவனுக்கே தெரியாது. புகையாக எடுத்தால் குறைந்தது ஆறு மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். தின்றிருந்தால் அன்று இரவு முழுவதும் வேண்டாம். ஆன்டாரியோவில் ஜி1, ஜி2 எனப்படும் ஆரம்பநிலை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் 21 வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கும் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். புதிதாக வந்த நம்மில் பெரும்பாலோர் ஜி2தான். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து போதையில் வண்டி ஓட்டுவது அதிகபட்சம் பத்து வருடச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே குடிவரவுச் சட்டத்தில் அது கடுமையான குற்றமாகிவிடுகிறது. பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தவரே அதை இழக்கலாம். இத்தனை வருடம் வீட்டு நிலத்தை அடமானம் வைத்துப் படித்தது ஒரு இரவில் போய்விடும்.

எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் அப்படித்தான். நயாகராவில் அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்திலும் சட்டபூர்வம்தானே என்று பையில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடக்காதீர்கள், இரண்டு நாட்டுச் சட்டப்படியும் குற்றம். ஊருக்குப் போகும்போது பழைய ஜாக்கெட் பை, கைப்பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். சென்னையிலும் கொழும்பிலும் ஒரு மிட்டாய்கூட மிட்டாய் இல்லை.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. அன்று டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார்: குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்ததா? இல்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமா நினைவுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. திருநெல்வேலியில் நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போது அவர் பின்கட்டு அறையிலேயே இருப்பார். கேட்டால் நரம்புத் தளர்ச்சி என்பார்கள். இரண்டு வாரம் யோசித்து அம்மாவுக்கு போன் செய்து, மாமாவுக்கு உண்மையில் என்ன என்று கேட்டேன். "இப்ப எதுக்குய்யா அதைக் கேக்க?" என்றாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். பாலிடெக்னிக் படிக்கும்போது இருபத்தோரு வயதில் தொடங்கியது, ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உடைத்துப்போட்டார், கோவில் கோவிலாக அலைந்து, கடைசியில் பாளையங்கோட்டையில் மாத்திரை கொடுத்துத்தான் அடங்கியது. பஸ்ஸில் எதிரே இருந்தவர் என்னைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது ஞாபகம் வந்தது. கை குளிர்ந்துவிட்டது.

நெருங்கிய ரத்த உறவில் மனச்சிதைவு இருந்தால் கஞ்சாவைத் தொடவே வேண்டாம் என்பது அந்தக் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. வயது குறையக் குறைய ஆபத்து கூடும் என்பதும் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இந்த நோய்க்கு நரம்புத் தளர்ச்சி, காற்று கருப்பு, படிப்பு அதிகமாகி மூளை சூடாகிவிட்டது என்று ஏதாவது வேறு பெயர் வைத்து மூடிவிடுகிறோம். மறைத்தவர்கள் அன்பினால்தான் மறைத்தார்கள், தங்கச்சிகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் 'பின்கட்டு மாமா' ஒருவர் இருந்தால், இதைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டுவிடுங்கள். நான் அதன் பிறகு எடுக்கவில்லை, எடுக்கப் போவதும் இல்லை.

அடிக்கடி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. வாரத்தில் ஒன்றிரண்டு நாளைத் தாண்ட வேண்டாம் என்பது கையேட்டின் வரி. எனக்குத் தெரிந்த ஒருவன் இரண்டு வருடமாகத் தினமும் எடுத்தான். காலையில் ஓயாத வாந்தி. அல்சர் என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுடுதண்ணீரில் மணிக்கணக்காக நின்றால் மட்டும் குறையும். அந்தச் சுடுதண்ணீர் விஷயத்தைக் கேட்டதும்தான் டாக்டர் கண்டுபிடித்தார், நீண்ட நாள் கஞ்சாவால் வருகிற வாந்தி நோய் என்று. நிறுத்தியதும் நின்றது. உங்களுக்கோ நண்பருக்கோ இந்த அடையாளம் இருந்தால் டாக்டரிடம் கஞ்சாவை மறைக்காதீர்கள்.

யாராவது அளவு மீறி எடுத்துவிட்டால் தனியாக விடாதீர்கள். என்னை அன்று பஸ் ஏற்றிவிட்டது பெரிய தவறு, அவர்களுக்கும் தெரியாது. வெளிச்சம் குறைந்த அமைதியான இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இது இறங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், எழுப்பினால் எழாமை, வலிப்பு, தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிற குழப்பம் இருந்தால் யோசிக்காமல் 911. தின்றது ஒரு குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இதனால்தான் கியூபெக் மாகாணத்தில் மிட்டாய், சாக்லேட் வடிவில் கஞ்சாவை விற்கவே விடவில்லை.

வீட்டுக்கார ஆன்ட்டி மறுநாள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய பேத்திக்கு மூன்று வயது, கீழே ஓடி வந்து எங்கள் அலமாரியைத் திறப்பாள். அறைத்தோழன் இன்னும் மாதத்தில் ஒரு தடவை எடுக்கிறான். நான் சொன்னது ஒன்றுதான்: பெட்டியில் பூட்டி மேலே வை. அவனாகவே இன்னொன்றும் செய்திருக்கிறான். போன சனிக்கிழமை அந்தப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே கடையில் வாங்கிய பத்து மில்லிகிராம் ஜெல்லி நாலாக வெட்டப்பட்டு, மூன்று துண்டு மிச்சம் இருந்தது. மூடியில் பேனாவால் '7:40' என்றும் அதற்குக் கீழே 'இன்னைக்கு இவ்வளவுதான்' என்றும் எழுதி வைத்திருந்தான்.